சில பற்கள் மட்டும் இழந்தவர்களுக்கு இம்ப்ளான்ட்: 10, 20 வருடம் கழித்து நிலைமை என்ன?

மல்லிகைக்கொடி

வணக்கம். வயது 46. கீழ்த்தாடையில் இடது பக்கம் முதல், இரண்டாம் கடைவாய்ப் பற்கள் இரண்டும் இல்லை. ஞானப்பல்லும் இல்லை. இரண்டுக்கும் ரூட் கெனால் செய்து க்ரவுன் போட்டிருந்தேன். வேரில் விரிசல் விட்டு ஒன்றன்பின் ஒன்றாக எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதற்கு முன்னால் இருக்கும் சின்னக் கடைவாய்ப்பல் லேசாக ஆடுகிறது. சில வருடங்களுக்கு முன் ஈறு நோய்க்கு சிகிச்சை எடுத்திருக்கிறேன். சர்க்கரை இல்லை, புகை இல்லை.

முதலில் பார்த்த மருத்துவர், ஆடுகிற பல்லையும் எடுத்துவிட்டு அந்த வரிசை முழுவதையும் இம்ப்ளான்ட்டில் (தாடை எலும்புக்குள் பதிக்கும் செயற்கை வேர்) நிறுத்திவிடலாம் என்கிறார். "98 சதவீதம் வெற்றி, ஆயுள் முழுக்கக் கவலை இல்லை" என்று சொன்னார். இரண்டாவதாகப் பார்த்தவர், "அந்தப் பல்லைத் தொடாதீர்கள், முதலில் ஈறைச் சரிசெய்வோம், இம்ப்ளான்ட் பிறகு" என்கிறார்.

வலையில் தேடினால் போட்ட ஒரு வருடத்தில் எழுதிய மகிழ்ச்சிக் கதைகள்தான் கிடைக்கின்றன. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. எனக்கு 60, 70 வயதாகும்போது இது என்ன நிலையில் இருக்கும்? நீண்ட காலம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? போட்டுப் பல வருடம் ஆனவர்களும் எழுதினால் உதவியாக இருக்கும்.

ஈறுமருத்துவன்

நான் ஈறு நோய் சிறப்பு மருத்துவன். உங்கள் வாயைப் பார்க்காமல் சிகிச்சை சொல்ல மாட்டேன், ஆய்வுகளைப் பற்றிச் சொல்லலாம்.

98 என்ற எண் கற்பனை இல்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், உங்களைப் போலச் சில பற்கள் மட்டும் இழந்த 303 பேருக்குப் போட்ட 511 இம்ப்ளான்ட்களை 10 வருடம் கழித்துப் பரிசோதித்தார்கள். 98.8 சதவீதம் வாயில் இருந்தன. இன்னும் கடுமையான அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் 97 சதவீதம் தேறின. ஆனால் அது மிகத் தேர்ந்த கைகள் ஒரே மையத்தில் செய்த வேலை. அதற்கு முந்தைய தலைமுறையில், வழுவழுப்பான பரப்புள்ள பிரோனமார்க் என்ற வகை இம்ப்ளான்ட்களைப் பல மையங்களில் 127 நோயாளிகளிடம் 10 வருடம் தொடர்ந்த ஆய்வு 1999இல் வந்தது. அதில் கீழ்த்தாடையில் 93.7, மேல்தாடையில் 90.2 சதவீதம். மணல் வீசி, அமிலத்தில் அரித்துச் சொரசொரப்பாக்கிய பரப்பு வந்த பிறகு, எலும்போடு ஒட்டாமலே போகிற ஆரம்பகாலத் தோல்விகள் குறைந்தன.

இப்போது அதே படத்தின் மறுபக்கம். சுவீடனில் நாடு தழுவிய தரவிலிருந்து தற்செயலாகத் தேர்ந்தெடுத்த நோயாளிகளைச் சுமார் 9 வருடம் கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். 2015, 2016இல் வெளியானது, 596 பேர். சாதாரண கிளினிக்குகளில் சாதாரணமாகச் சிகிச்சை பெற்றவர்கள். அவர்களில் 7.6 சதவீதம் பேர் குறைந்தது ஒரு இம்ப்ளான்ட்டையாவது இழந்திருந்தார்கள். என்னைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமானது அடுத்த எண். 14.5 சதவீதம் பேருக்கு, இருக்கிற இம்ப்ளான்ட்டைச் சுற்றியே வீக்கமும் ரத்தக் கசிவும், கூடவே 2 மி.மீ.க்கு மேல் எலும்புத் தேய்வும் இருந்தன. இதைத்தான் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் என்கிறோம். எலும்புத் தேய்வின் எல்லையை அரை மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 45 சதவீதம் பேரிடம் அந்த நோயின் அடையாளம் இருந்தது.

இவர்களின் இம்ப்ளான்ட்கள் எல்லாம் "நிலைத்தவை" கணக்கில்தான் சேரும். வாயில் இருக்கிறது, மெல்ல முடிகிறது, வலியும் இல்லை. உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கிறது. 98 சதவீதம் என்று யாராவது சொன்னால், "வாயில் இருப்பதா, நோயில்லாமல் இருப்பதா?" என்று கேளுங்கள்.

தசமப்புள்ளி

நான் மருத்துவர் இல்லை, புள்ளியியல் வேலை. அம்மாவுக்காக இந்த ஆய்வுகளை உட்கார்ந்து படித்தேன். மருத்துவர் சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

முதலாவது, எதை எண்ணுகிறார்கள் என்பது. பெரும்பாலான ஆய்வுகள் இம்ப்ளான்ட்டை எண்ணுகின்றன, ஆளை அல்ல. கற்பனையாக ஒரு கணக்கு: 100 பேருக்கு ஆளுக்கு 4 வீதம் 400 இம்ப்ளான்ட். 20 விழுந்துவிட்டது. 95 சதவீதம் வெற்றி என்று எழுதுவார்கள். அந்த 20ம் இருபது வெவ்வேறு ஆட்களுடையதாக இருந்தால் ஐந்தில் ஒருவர் ஒன்றை இழந்திருக்கிறார். ஐந்தே பேருடையதாக இருந்தால் அந்த ஐந்து பேரும் எல்லாவற்றையும் இழந்திருக்கிறார்கள். எண் ஒன்றேதான், ஆனால் இரண்டு நிலவரமும் ஒன்றல்ல. நிஜத்தில் தோல்விகள் சிலரிடம் குவியும் போக்கு உண்டு.

இரண்டாவது, திரும்பி வராதவர்கள். பத்து வருட ஆய்வில் பத்தாம் வருடம் பரிசோதனைக்கு வருகிறவர்கள் ஒழுங்காகப் பராமரிப்புக்கு வருகிறவர்கள்தான். வராதவர்களுக்கு என்ன ஆனது என்று தெரியாது. 2019இல் பத்து வருட ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் 96.4 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். வராமல் போனவர்களிடம் தோல்வி கூடுதலாக இருந்திருக்கலாம் என்று வைத்துத் திரும்பக் கணக்கிட்டபோது 93.2க்கு இறங்கியது. 20 வருடத்துக்கு இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. 2024இல் வந்த தொகுப்பில், இம்ப்ளான்ட் வைத்த நாளிலிருந்தே முன்னோக்கித் தொடர்ந்த ஆய்வுகளின்படி 92 சதவீதம், விடுபட்டவர்களையும் கணக்கில் சேர்த்தால் 78. அந்த 92க்குப் பின்னால் இருப்பது வெறும் 237 இம்ப்ளான்ட்.

ஆகவே அக்கா, 66 வயதில் எப்படி இருக்கும் என்ற உங்கள் கேள்விக்குத் தரவு காட்டும் வீச்சு "ஐந்தில் நான்கு முதல் பத்தில் ஒன்பது வரை நிற்கும்" என்பதுதான். நல்ல எண். ஆனால் "ஆயுள் முழுக்கக் கவலை இல்லை" என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

கார்காலம்

மேல் முன்பல் ஒன்று, கீழ்க் கடைவாய் ஒன்று, இரண்டும் போட்டுப் பதினைந்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இரண்டும் இருக்கு, எலும்பு நல்லா இருக்குன்னு போன எக்ஸ்ரேயிலயும் சொன்னாங்க. யாரும் முன்கூட்டியே சொல்லாத ரெண்டு விஷயம் சொல்றேன்.

முன்பல் இப்போ பக்கத்துப் பல்லைவிடக் குட்டையாத் தெரியுது. போட்டப்போ ரெண்டும் ஒரே மட்டம். அது தேஞ்சு போகலை. நம்ம சொந்தப் பற்கள் வயசானாலும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிக்கிட்டே வருமாம், இம்ப்ளான்ட் மட்டும் எலும்போட ஒட்டி இருந்த இடத்துலயே நிக்குமாம். ஈறு விளிம்பும் மேலே ஏறினாப்ல இருக்கு. சிரிச்சா தெரியும். க்ரவுனை மாத்திச் சரி பண்ணலாம்னு டாக்டர் சொல்றார்.

கடைவாயில வேற பிரச்சனை. அதுக்கு முன்னாடி இருக்கிற பல்லுக்கும் க்ரவுனுக்கும் நடுவுல ஆரம்பத்துல ஃப்ளாஸ் இறுக்கமாத்தான் போகும். அஞ்சாறு வருஷத்துல இடைவெளி விழுந்துடுச்சு. தின்னது எல்லாம் அங்க போய் அடையுது. க்ரவுன் ஸ்க்ரூவில இருந்ததால கழட்டி, பக்கவாட்டுல பீங்கான் ஏத்தித் திரும்பப் போட்டாங்க. இப்போ சரியா இருக்கு. இது இம்ப்ளான்ட் தோல்வின்னு எந்தக் கணக்குலயும் வராது, ஆனா வாழ்றவங்களுக்குத் தெரியும்.

க்ரவுன்காரர்

செயற்கைப்பல் துறையில் இருக்கிறேன். கார்காலம் சொன்ன இரண்டும் பாடப்புத்தகம் போலச் சரி. இடைவெளி பெரும்பாலும் முன்பக்கம்தான் விழும். சொந்தப் பற்கள் காலப்போக்கில் முன்னோக்கி நகரும் இயல்புடையவை, இம்ப்ளான்ட் நகராது. கடைவாயில் இம்ப்ளான்ட் போட்டால், அதன் க்ரவுனைக் கழற்றி மாட்ட வழி இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

மக்கள் "இம்ப்ளான்ட்" என்று சொல்லும்போது எலும்புக்குள் இருக்கிற திருகையும் மேலே இருக்கிற பல்லையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். இரண்டின் ஆயுளும் வேறு. ஒற்றைப் பல் விஷயத்தில் 2012இல் வந்த தொகுப்பாய்வின்படி 10 வருடத்தில் இம்ப்ளான்ட் 95.2 சதவீதம் நின்றது, மேலிருக்கும் க்ரவுன் 89.4 சதவீதம். பல இம்ப்ளான்ட்கள் தாங்கும் பிரிட்ஜ் (பல பற்களை ஒன்றாக இணைத்துச் செய்யும் நிலையான பல்கட்டு) என்றால் இம்ப்ளான்ட் 93.1, பிரிட்ஜ் 80.1. அதாவது பத்து வருடத்தில் ஐந்தில் ஒரு பிரிட்ஜைப் புதிதாகச் செய்யும் நிலை. முதல் ஐந்து வருடத்திலேயே மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு ஏதாவது ஒரு சிக்கல்: ஸ்க்ரூ தளர்வது, பீங்கான் உடைவது, சிமென்ட் விட்டுப்போவது, ஈறு வீங்குவது. பெரும்பாலானவை ஒரே வருகையில் சரியாகிவிடும். அதற்காக வர வேண்டியிருக்கும் என்பதை மட்டும் முன்பே மனதில் வையுங்கள்.

ஏன் இவ்வளவு உடைசல்? இயற்கைப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு இருக்கிறது. அது அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும், "போதும், அதிகமாகக் கடிக்கிறாய்" என்று மூளைக்கும் சொல்லும். இம்ப்ளான்ட்டைச் சுற்றி அது கிடையாது. கடிக்கும் விசை முழுக்க ஸ்க்ரூவிலும் பீங்கானிலும் இறங்குகிறது. தூக்கத்தில் பல் கடிக்கிறவர்களுக்கு இரவில் பல்லில் மாட்டும் காப்பு கட்டாயம் என்று நான் சொல்வது அதனால்தான்.

சிமென்ட் பற்றி ஒரு வார்த்தை. க்ரவுனை ஒட்டும்போது ஈறுக்குள் பிதுங்கி நிற்கும் சிமென்ட் துணுக்கு எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். 2009இல் வந்த ஓர் ஆய்வில், வீக்கத்தோடு வந்த இம்ப்ளான்ட்களை எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்தபோது 81 சதவீதத்தில் மிச்ச சிமென்ட் கிடைத்தது. அதை எடுத்த பிறகு அவற்றில் நான்கில் மூன்று பங்கு தேறிவிட்டன. கடைவாயில் ஸ்க்ரூ வைத்த க்ரவுன் சாத்தியமென்றால் அதையே கேளுங்கள்.

மல்லிகைக்கொடி

எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்க பயம் குறைகிறது, கேள்வி கூடுகிறது.

ஈறுமருத்துவன் சார், எனக்கு ஏற்கெனவே ஈறு நோய் இருந்தது. அந்த எண்கள் எனக்கு எப்படி மாறும்? ஆடுகிற பல்லை எடுத்துவிட்டால் நோய்க்கு இடமே இல்லாமல் போகும் என்று முதல் மருத்துவர் சொன்னது சரியா?

ஈறுமருத்துவன்

சரியில்லை அம்மா. பல்லை எடுத்தால் அந்தப் பல்லின் நோய் போகும். நோய்க்கு இடம் கொடுத்த உடல்வாகும், வாயில் மற்றப் பற்களைச் சுற்றி இருக்கும் கிருமிகளும் அப்படியேதான் இருக்கும். இம்ப்ளான்ட் வைத்த சில நாட்களிலேயே பக்கத்துப் பற்களின் கிருமிகள் அதைச் சுற்றிக் குடியேறிவிடும்.

இத்தாலியில் பத்து வருடம் தொடர்ந்த ஓர் ஆய்வு நோயாளிகளை மூன்றாகப் பிரித்தது. ஈறு நோயே இல்லாதவர்களிடம் 96.6 சதவீதம் இம்ப்ளான்ட்கள் நின்றன. நடுத்தர நோய் வரலாறு உள்ளவர்களிடம் 92.8, கடுமையாக இருந்தவர்களிடம் 90. இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, நோய் வரலாறு உள்ளவர்களில் பராமரிப்புக்கு ஒழுங்காக வராதவர்களிடம்தான் இழப்பு கூடியது என்பதை. முன்பு சொன்ன சுவீடன் ஆய்விலும் ஈறு நோய் உள்ளவர்களுக்குப் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் வரும் சாத்தியம் சுமார் 4 மடங்கு என்று கணக்கிட்டார்கள்.

பராமரிப்பின் பலனைக் காட்டும் ஆய்வு ஒன்று பிரேசிலிலிருந்து வந்தது, 2012. இம்ப்ளான்ட்டைச் சுற்றி ஈறு மட்டும் வீங்கியிருந்த, எலும்பு இன்னும் போகாத 80 பேரை எடுத்துக்கொண்டு ஐந்து வருடம் கழித்துப் பார்த்தார்கள். இடையில் முறையாகப் பராமரிப்புக்கு வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு எலும்பு தேயும் நிலை வந்தது. வராதவர்களில் 43.9 சதவீதம். ஈறு வீக்க நிலையிலேயே பிடித்தால் சுத்தம் செய்து மீட்டுவிடலாம். எலும்பு போன பிறகு சிகிச்சை கடினம். முதலில் அறுவை இல்லாமல் சுத்தம் செய்து, சில வாரம் கழித்து அளந்து, ஆறாவிட்டால் ஈறைத் திறந்து சுத்தம் செய்கிறோம். அதற்குப் பிறகும் திரும்பி வருகிறவர்கள் உண்டு. இம்ப்ளான்ட்டின் மரைகளுக்குள் புகுந்த கிருமிப்படலத்தை முழுதாக நீக்குவது பல் வேரைச் சுரண்டுவதுபோல எளிதில்லை.

ஆகவே வரிசை இரண்டாவது மருத்துவர் சொன்னதுதான். முதலில் ஈறு, ரத்தக் கசிவும் ஆழமான பைகளும் (ஈறு பல்லை விட்டு விலகி விழும் இடைவெளி) அடங்கட்டும், அதன் பிறகு இம்ப்ளான்ட். ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு 2023இல் வெளியிட்ட வழிகாட்டியும், இம்ப்ளான்ட் வைப்பதற்கு முன்பே தடுப்பைத் தொடங்கச் சொல்கிறது.

தசமப்புள்ளி

ஆடுகிற பல்லைப் பற்றி ஒரு வரி. பற்களைக் காப்பாற்றி வைத்திருப்பதையும் எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைப்பதையும் நீண்டகால ஆய்வுகளில் ஒப்பிட்ட தொகுப்பு 2013இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழில் வந்தது. பாதிப்பு இருந்தாலும் முறையாகச் சிகிச்சை செய்து பராமரித்த பற்களின் ஆயுளை இம்ப்ளான்ட்களின் ஆயுள் மிஞ்சவில்லை என்பதுதான் முடிவு.

பாலைநிலா

இவ்வளவு சிக்கல் என்றால் பிரிட்ஜே போட்டுக்கொள்ளலாமே? என் அப்பாவுக்கு இருபது வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. எதற்கு எலும்பைத் துளைக்க வேண்டும்?

க்ரவுன்காரர்

பிரிட்ஜ் கெட்ட தேர்வு இல்லை. 10 வருடக் கணக்கில் இரு பக்கமும் பல் தாங்கும் பிரிட்ஜ் 89.2 சதவீதம், இம்ப்ளான்ட்கள் தாங்கும் பிரிட்ஜ் 86.7, ஒற்றை இம்ப்ளான்ட் க்ரவுன் 89.4. இவை 2007இல் வந்த ஒப்பீடு, இம்ப்ளான்ட் பிரிட்ஜுக்கு நான் முன்பு சொன்ன 80.1 பிந்தைய 2012 தொகுப்பின் எண். கிட்டத்தட்ட ஒரே உயரம்தான். தோற்கும் விதம்தான் வேறு. பிரிட்ஜ் தோற்றால் பெரும்பாலும் தாங்கும் பல் சொத்தையாகியோ நரம்பு செத்தோ போயிருக்கும், ஒன்றுக்குப் பதில் இரண்டை இழக்க நேரலாம். இம்ப்ளான்ட்டின் மேற்கட்டு தோற்றால் பக்கத்துப் பல்லுக்கு ஒன்றும் ஆகாது. இரு பக்கமும் ஏற்கெனவே பெரிய அடைப்பு உள்ள பற்கள் என்றால் நானே பிரிட்ஜ் சொல்வேன். இரண்டும் முழு ஆரோக்கியமான பற்கள் என்றால் அவற்றைச் செதுக்க எனக்கு மனம் வராது.

ஆனால் மல்லிகைக்கொடிக்கு அந்தத் தேர்வே இல்லை. பின்னால் பல் கிடையாது, பிரிட்ஜின் மறுமுனையை எதில் மாட்டுவது? முன்னால் இருக்கும் பல்லில் மட்டும் மாட்டித் தொங்கவிட்டால் பத்து வருடக் கணக்கு 80.3 சதவீதத்துக்கு இறங்கும், அதுவும் ஆரோக்கியமான பல்லில். ஆடுகிற பல்லில் நான் தொங்கவிட மாட்டேன். ஒரு முனை இம்ப்ளான்ட், ஒரு முனை சொந்தப் பல் என்று இணைத்தால் 77.8. அதையும் தவிர்க்கப் பார்ப்பேன்.

கேட்காத கேள்வி ஒன்றுக்கும் பதில் சொல்கிறேன். இரண்டு பல்லையும் கட்டாயம் வைக்க வேண்டுமா? நெதர்லாந்தில் நைமேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கைசர் 1980களின் தொடக்கத்தில் முன்வைத்த கருத்து, கடைசிக் கடைவாய்ப் பற்கள் இல்லாமலே பலர் நன்றாக மெல்கிறார்கள், மீதியுள்ள பல்வரிசை ஆரோக்கியமாக இருந்தால் போதும் என்பது. அதன் பிறகு வந்த நீண்டகால ஆய்வுகளும் அதற்குப் பெரிதாக எதிராகப் போகவில்லை. முதல் கடைவாய்ப்பல் இடத்தில் மட்டும் ஓர் இம்ப்ளான்ட், அதன் பின்னால் காலி. இரண்டாவது கடைவாயில் கை எட்டுவது கடினம், பிரஷ் போவது கடினம், கடிவிசையும் அதிகம். நோய்க்கும் உடைசலுக்கும் ஓர் இடம் குறைகிறது என்று பாருங்கள். மேலே அதற்கு எதிர்ப்பல் இருந்து, அது இறங்கி வருமா என்பதை மட்டும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

பாலைநிலா

இது தெரியாது. நன்றி சார். அப்பாவுடையதில் தாங்கும் பற்களை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

செங்காந்தள்

நான் வேறு ஒரு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மாமியாருக்கு ஐம்பதுகளின் கடைசியில் போட்ட இம்ப்ளான்ட்கள். நன்றாகத்தான் இருந்தன. பக்கவாதம் வந்து வலது கை போன பிறகு பிரஷ் பிடிக்க முடியவில்லை. இப்போது நான்தான் துலக்கிவிடுகிறேன். சொந்தப் பல் கெட்டால் வலி வந்து சொல்லிவிடுகிறது. இம்ப்ளான்ட்டைச் சுற்றிச் சீழ் வைத்தபோது அவருக்கு வலியே இல்லை, வாய் நாற்றத்தில்தான் தெரிந்தது.

அதைவிடக் கொடுமை, அது என்ன கம்பெனி, என்ன அளவு என்று யாருக்கும் தெரியவில்லை. போட்ட கிளினிக் மூடிவிட்டது, கடிதம் ஒன்றும் கொடுக்கவில்லை. க்ரவுன் தளர்ந்தபோது அந்த ஸ்க்ரூவின் தலைக்குப் பொருந்தும் சாவிக்காக மூன்று பேரிடம் அலைந்தோம். கடைசியில் ஒரு மருத்துவர் எக்ஸ்ரேயை வைத்து உருவத்தைப் பார்த்து அடையாளம் கண்டுபிடித்தார்.

போடப்போகிறவர்களே, இன்றைய கையும் கண்ணும் நினைவும் இருபது வருடம் கழித்து அப்படியே இருக்காது. அப்போது உங்களுக்குத் துலக்கப்போவது யார், அவர்களால் முடியுமா என்று யோசித்து, அதற்கேற்ற எளிமையான வடிவத்தைக் கேளுங்கள்.

கார்காலம்

செங்காந்தள் அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. எனக்கு ஒரு அட்டை குடுத்தாங்க, அதுல கம்பெனி பேர், விட்டம், நீளம், லாட் எண், அபட்மென்ட் (இம்ப்ளான்ட்டையும் க்ரவுனையும் இணைக்கிற துண்டு) வகை எல்லாம் ஒட்டியிருக்கு. ஃபோட்டோ எடுத்து மகனுக்கும் அனுப்பி வெச்சிருக்கேன்.

க்ரவுன்காரர்

செங்காந்தள், நல்ல காரியம் செய்கிறீர்கள். பராமரிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: சாதாரண பிரஷ் க்ரவுனின் அடிவிளிம்பை எட்டாது. இடைவெளிக்குப் பொருத்தமான பல்லிடை பிரஷ் முக்கியம், கம்பி மேல் பிளாஸ்டிக் பூச்சு உள்ளது நல்லது. இம்ப்ளான்ட் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருந்தாலோ, க்ரவுன் ஈறிலிருந்து திடீரெனக் குடை விரித்தாற்போலப் பருத்தாலோ எந்த பிரஷும் போகாது. க்ரவுன் வெளிவரும் கோணம் 30 டிகிரிக்கு மேல் போய், பக்கவாட்டும் உப்பியிருந்தால் எலும்புத் தேய்வு நோய் கூடுதலாகக் காணப்படுகிறது என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: "இதன் நாலு பக்கமும் எனக்கு பிரஷ் போகுமா, கண்ணாடியில் காட்டுங்கள்."

தசமப்புள்ளி

புகை பற்றி யாரும் எழுதவில்லை, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். புகைப்பவர்களிடம் இம்ப்ளான்ட் தோல்வி சுமார் இரண்டு மடங்கு என்று 2015இல் வந்த தொகுப்பாய்வு கணக்கிட்டது. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் ஆபத்துதான். கட்டுப்பாட்டில் உள்ள சர்க்கரை இம்ப்ளான்ட்டுக்குத் தடை இல்லை.

ஈறுமருத்துவன்

கூடவே, எலும்புத் தேய்வுக்கோ புற்றுநோய்க்கோ எலும்பைப் பாதிக்கும் மாத்திரை, ஊசி எடுப்பவர்களும், தாடைக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். சிலருக்கு இம்ப்ளான்ட்டே வேண்டாம் என்று முடிவெடுக்க நேரிடும்.

இன்னொன்று. சுவீடன் ஆய்வின் தொடர்ச்சியில், எலும்புத் தேய்வு பெரும்பாலானவர்களிடம் முதல் மூன்று வருடத்துக்குள்ளேயே தொடங்கியிருந்தது, பிறகு ஒரே வேகத்தில் போகாமல் வேகம் கூடிக்கொண்டே போனது என்று கண்டார்கள். "போட்டு ரெண்டு வருஷம்தானே ஆச்சு, இப்ப எதுக்குச் செக்கப்" என்று வராமல் இருப்பவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. ஆரம்ப வருடங்கள்தான் பிடிக்க வேண்டிய வருடங்கள்.

மல்லிகைக்கொடி

இரண்டாவது மருத்துவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். இழையில் படித்ததை எழுதி எடுத்துக்கொண்டு போனேன், ஒவ்வொன்றாகக் கேட்டேன், அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

ஆடுகிற பல்லைச் சுற்றிப் பை ஆழம் 6 மி.மீ., எலும்பு பாதிக்கு மேல் இருக்கிறது, காப்பாற்றலாம் என்கிறார். ஈறுக்கு ஆழ்ந்த சுத்தம் தொடங்கியாயிற்று. மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளப்பார். ரத்தக் கசிவு அடங்கினால் முதல் கடைவாய் இடத்தில் மட்டும் ஓர் இம்ப்ளான்ட், ஸ்க்ரூவில் மாட்டும் க்ரவுன். இரண்டாவது கடைவாய் காலியாகவே இருக்கட்டும் என்று அவரும் சொன்னார். மேல்பல் இறங்குகிறதா என்று வருடா வருடம் பார்ப்பாராம்.

"ஆயுள் முழுக்க நிற்குமா?" என்று அவரிடமும் கேட்டேன். "நீங்கள் வருவதை நிறுத்தாத வரை எனக்கு நல்ல நம்பிக்கை இருக்கிறது, க்ரவுனை ஒரு முறையாவது மாற்றுவோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். எனக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது.

கடைசியாக ஒன்று. முதல் எக்ஸ்ரே எப்போது எடுக்க வேண்டும், அதில் நான் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

ஈறுமருத்துவன்

இம்ப்ளான்ட் வைத்த அன்று ஒன்று எடுப்பார். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது க்ரவுன் மாட்டிய அன்று எடுப்பது. முதல் சில மாதங்களில் எலும்பு சற்று இறங்கி ஒரு மட்டத்தில் நிற்கும், அதனால் ஒரு வருடம் முடிந்ததும் இன்னொன்று எடுத்து ஒப்பிடுவோம். 1986இல் வகுத்த பழைய அளவுகோல், முதல் வருடத்துக்குப் பிறகு ஆண்டுக்கு 0.2 மி.மீ.க்குக் குறைவான தேய்வு மட்டுமே ஏற்கத்தக்கது என்றது. ஒப்பிடப் பழைய படம் இல்லாவிட்டால், பை ஆழம் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல், எலும்பு 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கியிருப்பது, தொட்டால் ரத்தம் என்ற மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் நோய் என்று உறுதிசெய்கிறோம். அதற்குள் நிறைய எலும்பு போயிருக்கும். பழைய படம் கையில் இருந்தால் அதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும்.

அதே நாளில் சுற்றிலும் பை ஆழமும் அளந்து எழுதச் சொல்லுங்கள். இம்ப்ளான்ட்டில் அளவுகோல் விடக்கூடாது என்று சிலர் தயங்குவார்கள், மெதுவாக அளந்தால் ஒன்றும் ஆகாது. கம்பெனி பெயர், அளவு, லாட் எண் உள்ள ஸ்டிக்கர், இரண்டு எக்ஸ்ரே, பை ஆழக் குறிப்பு எல்லாவற்றிலும் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். மூன்று மாத அளவு வந்ததும் இங்கே எழுதுங்கள், பார்ப்போம்.